பழைய நம்பருக்கு ஓடிபி போகிறது, கணக்கு பூட்டிக்கொண்டது: இனி என்ன செய்யலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். எட்டு வருடப் பழைய இன்ஸ்டாகிராம் கணக்கு. புது ஃபோனில் லாகின் செய்யப் பார்த்தீர்கள். பாஸ்வேர்ட் சரி, ஆனால் ஓடிபி கேட்கிறது. அது போவதோ எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பருக்கு. நாலைந்து தடவை முயன்றதில் 'சிறிது நேரம் கழித்து முயலவும்' என்று சொல்லிப் பூட்டிக்கொண்டது. இதற்கிடையில் ஒருவர், பணம் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் மீட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா, வேறு வழி உண்டா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்காதீர்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அலைகிறவர்கள் இவர்கள். 'என் கணக்கு போய்விட்டது' என்று பொதுவில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். சற்று நேரத்தில் 'எனக்கு இன்னார்தான் மீட்டுக் கொடுத்தார், அவரிடம் பேசுங்கள்' என்று நாலு பேர் வந்து நிற்பார்கள். நாலு பேரும் ஒரே ஆளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முன்பணம் வாங்குவார்கள். பிறகு 'சாஃப்ட்வேர் செலவு' என்று இன்னொரு தொகை. அதன் பிறகு உங்களுக்கு வரும் கோடைக் கேட்பார்கள். அதைச் சொன்ன நிமிடம், வெறுமனே பூட்டியிருந்த கணக்கு திருட்டுப்போன கணக்காகிவிடும். வெளியாள் எவருக்கும், இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் சர்வருக்குள் தனிக் கதவு கிடையாது. அவர் நிரப்பப்போவது நீங்களே நிரப்பக்கூடிய அதே படிவம். அவர் ஃபோனிலிருந்து போவதைவிட உங்கள் ஃபோனிலிருந்து போனால்தான் அது எடுபடும்.

ஏன் என்றால், உங்கள் கோரிக்கையை முதலில் பார்ப்பது மனிதர் இல்லை, இயந்திரம். எட்டு வருட ஃபோட்டோ, இறந்துபோன தாத்தாவின் வீடியோ என்று எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் அதற்குப் புரியாது. அது பார்ப்பது வேறு. இந்த ஃபோன் முன்பு இந்தக் கணக்குக்குள் வந்திருக்கிறதா? இந்த வைஃபை பழகியதா? ப்ரௌசரில் பழைய குக்கி, அதாவது முன்பு வந்துபோனதன் அடையாளக் குறிப்பு, இருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்றால் பாதிக் கதவு திறந்த மாதிரி. புது ஃபோன், புது நெட், மேலே இருக்கும் இடத்தை மறைக்கும் ஒரு விபிஎன் என்று போனால், உண்மையான சொந்தக்காரரும் அதன் கண்ணுக்குத் திருடன்தான். கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே, வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியில், வழக்கமான ப்ரௌசரில், வழக்கமான இடத்திலிருந்து முயலுங்கள் என்று சொல்கிறது. மற்ற நிறுவனங்களும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் போடுகின்றன.

ஆகவே இப்போதைக்கு எதையும் அழுத்தாதீர்கள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. ஒவ்வொரு தவறான முயற்சியும் சந்தேகக் கணக்கில் ஏறுகிறது. ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு அடுத்த நாள் தொடங்குங்கள். தொடங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'மீண்டும் அனுப்பு' என்பதை மூன்று முறை அழுத்தினால் மூன்று கோட் வரும், பெரும்பாலும் கடைசியாகக் கேட்டது மட்டும்தான் செல்லுபடியாகும். நெட்வொர்க் மந்தமாக இருந்தால் அவை வரிசை மாறியும் வரும். 'சரியான கோடைத்தான் போட்டேன், தவறு என்கிறது' என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும்.

அந்த ஒரு நாளில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. மெயிலைப் பாருங்கள். கணக்கோடு இணைந்த மெயில் உங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் இந்த விவகாரத்தில் பாதித் தலையெழுத்து. அது கையில் இருந்தால், முதலில் அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள், இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்கு மேல் ஒரு கோடும் கேட்கும் வசதி) போடுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் என்ற இரண்டு இடங்களைத் திறந்து பாருங்கள். பலர் இந்த இடத்துக்குப் போவதே இல்லை. விவரம் தெரிந்த திருடன் மெயிலுக்குள் வந்தால் பாஸ்வேர்டை மாற்றமாட்டான். மாற்றினால் நீங்கள் விழித்துக்கொள்வீர்களே. 'இன்ஸ்டாகிராமிலிருந்து வரும் மெயிலை நேரே குப்பைக்கு அனுப்பு' என்று ஒரு ஃபில்டரை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவான். நீங்கள் ரீசெட் மெயிலுக்காகக் காத்திருப்பீர்கள். அது வந்து குப்பையில் கிடக்கும். ஒரு முறை ஒருவருடைய மெயிலில் இப்படிப் பதினொரு மெயில்கள் குப்பைத் தொட்டியில் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்தேன். மனிதர் இரண்டு வாரமாக நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மெயிலில் தேட வேண்டியது இன்னொன்றும் உண்டு. கணக்கின் மெயில் முகவரியை யாராவது மாற்றினால், 'உங்கள் மெயில் முகவரி மாற்றப்பட்டது. இது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்துங்கள்' என்று பழைய முகவரிக்கு ஒரு தகவல் வரும். இன்ஸ்டாகிராமில் இது 'செக்யூரிட்டி அட் மெயில் டாட் இன்ஸ்டாகிராம் டாட் காம்' என்ற முகவரியிலிருந்து வருவது. அந்த ஒரு லிங்க் பல நாள் படிவ வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் இதே மெயிலைப் போலியாகச் செய்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் அனுப்புநர் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். ஓடிபி கேட்கிறது என்கிறீர்கள். எந்த ஓடிபி? இதில் இரண்டு வகை உண்டு, திரையில் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒன்று, நீங்களே எப்போதோ போட்டுவைத்த இரட்டைச் சரிபார்ப்பு. இன்னொன்று, புது ஃபோனைக் கண்டு அது தானாகவே சந்தேகப்பட்டுக் கேட்பது. இரண்டாவதாக இருந்தால் பிரச்சினை பெரிதில்லை. அந்தத் திரையில் பெரும்பாலும் நம்பருக்குப் பதில் மெயிலைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கும். பழைய ஃபோனில் முயன்றால் கேட்காமலே விட்டுவிடவும் கூடும். இரட்டைச் சரிபார்ப்பாக இருந்தால், பாஸ்வேர்டை மெயில் வழியாக எத்தனை முறை ரீசெட் செய்தாலும் திரும்பவும் அதே கோட் திரையில்தான் கொண்டுவந்து நிறுத்தும். ரீசெட் செய்துகொண்டே இருப்பது சுவரில் முட்டிக்கொள்வதுதான்.

அந்தச் சுவரைத் தாண்ட, வரிசையாக இவற்றைப் பாருங்கள். எங்காவது இன்னும் லாகின் ஆகியே இருக்கிறதா? பழைய ஃபோன், டேப், அலுவலகக் கணினியின் ப்ரௌசர், வீட்டில் யாருடைய ஃபோனிலாவது எப்போதோ திறந்து அப்படியே விட்டது. ஒன்று கிடைத்தால்கூட அது தங்கம். அங்கே லாக் அவுட் மட்டும் செய்துவிடாதீர்கள். ஆப்பை அழித்துத் திரும்ப ஏற்றாதீர்கள். ஃபேக்டரி ரீசெட் கனவிலும் வேண்டாம். அந்தக் கருவியிலேயே செட்டிங்ஸ் போய், புது நம்பரையும் கையிலிருக்கும் மெயிலையும் சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு புது ஃபோனுக்கு வாருங்கள்.

அடுத்தது பேக்கப் கோட். இரட்டைச் சரிபார்ப்பைப் போட்ட அன்று சில எட்டு இலக்க எண்களைக் காட்டி, சேமித்துவையுங்கள் என்று சொல்லியிருக்கும். யாரும் அன்றைக்கு அதைப் படிப்பதில்லை, ஆனால் பலர் கை தன்னிச்சையாக ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருக்கும். ஃபோட்டோ கேலரியில் அந்த மாதத்துக்கு உருட்டிப் போய்த் தேடுங்கள். இந்த வழியில் கிடைத்தவர்கள் நிறையப் பேர். கோட் கொடுக்கும் அதென்டிகேட்டர் ஆப் வைத்திருந்தால் அதையும் பழைய ஃபோனில் பாருங்கள். கூகுளின் அதென்டிகேட்டரில் 2023-இல்தான் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி வந்தது. அதற்கு முன் போட்டுவைத்து அப்படியே விட்டிருந்தால் எண்கள் அந்த ஃபோனுக்குள்ளேயே கிடக்கும். ஆப் தரும் கோடைத் 'தவறு' என்று சொன்னால் ஃபோனின் கடிகாரத்தைப் பாருங்கள். அந்தக் கோட் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது, முப்பது நொடிக்கு ஒரு முறை மாறுவது. பல மாதம் அணைந்து கிடந்த ஃபோனில் கடிகாரம் தவறியிருந்தால் கோடும் தவறும். நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

பிறகு அந்தப் பழைய நம்பர். அது இன்னும் உங்கள் பெயரிலேயே இருந்தால் மொபைல் நிறுவனத்திடம் அடையாளச் சான்று காட்டி மாற்று சிம் வாங்கிவிடலாம். எல்லா வழியிலும் சுலபமானது அதுதான். ஆனால் வெகுநாள் பயன்படுத்தாத நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது நிறுவனங்களின் வழக்கம். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் பழைய நம்பருக்கே ஃபோன் போட்டார். எடுத்தவர் முன்பின் தெரியாத ஒரு பெரியவர். "ஐயா, இப்ப உங்களுக்கு ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வரும், கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "இப்படி யாராச்சும் கேட்டா சொல்லவே கூடாதுன்னு என் பேத்தி சொல்லியிருக்குப்பா" என்று பெரியவர் வைத்துவிட்டார். நம்மாளுக்குக் கோபமான கோபம். எனக்கு அந்தப் பேத்திக்கு ஒரு சபாஷ் போடத் தோன்றியது.

இவை எதுவும் ஒத்துவராவிட்டால், கோட் கேட்கும் திரையில் 'வேறு வழியில் முயல்க' என்பதை அழுத்திக்கொண்டே போனால் உதவி கேட்கும் இடத்துக்கு வரும். இன்ஸ்டாகிராமில் உங்கள் முகம் இருக்கும் ஃபோட்டோக்கள் கணக்கில் உண்டென்றால் வீடியோ செல்ஃபி கேட்பார்கள். ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்து, அது சொல்கிறபடி தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். கேட்க விளையாட்டாக இருக்கும், ஆனால் இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கருத்துவிடும். ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். கண்ணாடி, தொப்பியைக் கழற்றிவிடுங்கள். தலையை மெதுவாகத் திருப்புங்கள். அந்த வீடியோ யாருக்கும் காட்டப்படாது, 30 நாளில் அழித்துவிடுவோம் என்கிறார்கள். முதல் முறை நிராகரித்தால் மனம் தளராமல் ஓரிரு நாள் விட்டு, வெளிச்சத்தை மாற்றி மறுபடி அனுப்புங்கள். மூன்றாவது, நான்காவது முறையில் திறந்த கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். கணக்கில் உங்கள் முகமே இல்லை, பூவும் பூனையும்தான் என்றால் இந்த வழி எடுபடாது. அப்போது கணக்கைத் தொடங்கிய மெயில் அல்லது நம்பர், எந்த வகை ஃபோனில் தொடங்கினீர்கள் என்பது போன்றவற்றைக் கேட்பார்கள். எட்டு வருடத்துக்கு முன் எந்த ஃபோன் வைத்திருந்தோம் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

உங்களுடையது திருடப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் இதைப் படிக்கும் வேறு சிலருக்கு அப்படி நடந்திருக்கலாம் என்பதால் சொல்கிறேன். திருடியவன் முதலில் மாற்றுவது யூசர்நேமை. 'என் கணக்கே காணோம், அழித்துவிட்டான்' என்று பதறுவார்கள்; பெரும்பாலும் பெயர்தான் மாறியிருக்கும். நண்பர் ஒருவரின் ஃபோனில் நீங்கள் இருவரும் பேசிய பழைய சாட்டைத் திறந்தால் அங்கே புதுப் பெயர் தெரியும். அந்தப் பெயரோடுதான் மீட்புப் படிவத்துக்குப் போக வேண்டும். இன்ஸ்டாகிராமுக்கு 'இன்ஸ்டாகிராம் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்ட்', ஃபேஸ்புக்குக்கு 'ஃபேஸ்புக் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்ட்' என்று முகவரிப் பட்டியில் நீங்களே ஆங்கிலத்தில் அடித்துப் போங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். நண்பர்களிடம் வேறு வழியில் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரில் 'அவசரமாகப் பணம் வேண்டும்' என்று அவன் அதற்குள் கேட்டிருப்பான். நம்பிக்கையான நண்பர்கள் மூவரிடம் கோட் வாங்கி ஃபேஸ்புக்கைத் திறக்கலாம் என்று சில பழைய குறிப்புகள் சொல்லும். அந்த வசதியை நிறுத்திச் சில வருடங்கள் ஆகிவிட்டன, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நிறுவனமே கணக்கை முடக்கியிருந்தால் அது தனிக் கதை. அங்கே பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை, மேல்முறையீடுதான். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் இதற்கு 180 நாள் தருகின்றன. தாண்டினால் நிரந்தரமாகப் போய்விடும். ஒரு விசித்திரம் பாருங்கள். ஒன்றுமே செய்யாத ஒருவரின் ஃபேஸ்புக், 'உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கு விதிகளை மீறியது' என்ற காரணத்துக்காக முடங்கும். அந்தச் செய்தியில் இருக்கும் இன்ஸ்டாகிராம் பெயரை அவர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார். நடந்தது என்னவென்றால், ஃபேஸ்புக்குக்குள் நுழைந்த திருடன் தன்னுடைய இன்ஸ்டாகிராம் கணக்கை அதோடு இணைத்திருப்பான். அங்கே விதிமீறல் நடந்ததும் இணைந்திருந்த இரண்டும் சேர்ந்து விழுந்தன. இப்படி வந்தால் அந்த அறிவிப்பை உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அந்த அந்நியப் பெயரைக் குறிப்பிட்டு முறையிடுங்கள். அடையாள அட்டை கேட்டால் நான்கு மூலையும் தெரிகிற மாதிரி, ஃப்ளாஷ் போடாமல், மேஜையில் வைத்து எடுங்கள். கணக்கில் இருக்கும் பெயரும் பிறந்த தேதியும் அட்டையில் இருப்பதோடு பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். விளையாட்டாக வயதைக் கூட்டிப் போட்டவர்களுக்கு இது ஒரு தலைவலி.

மற்றவற்றைப் பற்றி இரண்டிரண்டு வரி. வாட்ஸ்அப் இவற்றில் சுலபம்: உங்கள் நம்பரை வைத்து மறுபடி பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கக் கோடைப் போட்ட உடனே திருடன் வெளியே போய்விடுவான். அவன் இடையில் 'பின்' என்ற ரகசிய எண்ணைப் போட்டுவைத்திருந்தால் நீங்கள் முழுதாக உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும். அந்த ஏழு நாளும் அவனாலும் உள்ளே வர முடியாது. கூகுள் கணக்கில் மீட்பு நம்பரையோ மெயிலையோ யாராவது மாற்றிவிட்டால், பழைய நம்பர் அல்லது மெயிலுக்குக் கோட் பெறும் வாய்ப்பு ஏழு நாள் வரை கிடைக்கக்கூடும். அதனால் அங்கே ஆற அமர என்பது கூடாது, அன்றே செய்யுங்கள். முன்பு ட்விட்டர் என்றிருந்த எக்ஸ் தளம் 2023 மார்ச்சிலிருந்து எஸ்எம்எஸ் வழி இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டணம் கட்டுபவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது.

எஸ்எம்எஸ்ஸை நம்புவதே எனக்குப் பிடிக்காது, அதைச் சொல்லியாக வேண்டும். ட்விட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாக் டோர்சி அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தபோதே, 2019 ஆகஸ்டில், அவருடைய மொபைல் நம்பரைக் கைப்பற்றி அவர் கணக்கிலிருந்தே கண்டதையும் எழுதினார்கள். நம்பர் என்பது நம்மிடம் வாடகைக்கு இருப்பது. மொபைல் நிறுவனத்தில் யாரோ ஒருவர் ஏமாந்தால் அது கை மாறிவிடும். நாம் மறந்தாலும் கை மாறிவிடும். உங்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை.

ஆகவே உள்ளே போன கையோடு, ஃபோட்டோக்களைப் பார்த்து ரசிப்பதற்கு முன், முதல் பத்து நிமிடம் இதற்கு. பழைய நம்பரை எடுத்துவிடுங்கள். எந்தெந்தக் கருவிகளில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலில் தெரியாததை எல்லாம் வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் கருவி சில நேரம் அப்படியே இருந்துவிடும். இணைந்த கணக்குகள், இணைந்த ஆப்கள் என்ற இரண்டையும் திறந்து, அந்நியமாக இருப்பதை நீக்குங்கள். இரட்டைச் சரிபார்ப்பை அதென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றுங்கள். பேக்கப் கோடைக் காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். ஃபோனுக்குள் வைத்தால் ஃபோன் போகும்போது அதுவும் போகும். கடைசியாக, 'உங்கள் தகவல்களைப் பதிவிறக்குக' என்ற வசதியில் எட்டு வருட ஃபோட்டோவுக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தயாராகச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகும், லிங்க் வந்ததும் இறக்கிக்கொள்ளலாம்.

இன்றிரவு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பழைய ஃபோனைத் தேடி எடுத்து, அணைந்திருந்தால் சார்ஜில் போடுங்கள். நாளை மறுநாள் அதை வீட்டு வைஃபையில் இணைத்து, இன்ஸ்டாகிராமைத் திறந்து, முதலில் என்ன திரை வருகிறது என்று வார்த்தை பிசகாமல் எழுதி அனுப்புங்கள். அந்த வாசகத்தைப் பார்த்தால் மேலே சொன்னதில் எந்த வழியில் போவது என்று சொல்லிவிடுகிறேன்.